மாமா போட்ட உடும்பு வேஷம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. கிடங்கில் என்னோடு இரவு வேலை பார்க்கிறவர்கள்தான் கேட்டார்கள்: "உங்கக்கா ஜெயிப்பாளா? காலேஜைப் பாதியில விட்டவன்தானே நீ, பாதி மூளையாவது இருக்கும். கணிச்சு எழுது." எழுதினேன்:

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் சேர்ந்து கூண்டுக்குள் நடக்கும் கலப்புச் சண்டையில் அடிக்கிறவருக்குத் தூரம் வேண்டும், பிடிக்கிறவருக்கு நெருக்கம் வேண்டும். தனக்கு வேண்டிய இடைவெளியில் சண்டையை யார் வைத்துக்கொள்கிறாரோ அவர்

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். அடிக்கிறவள் என் அக்கா. எனக்கு நடுநிலை கிடையாது.)

2

வேறு தொடக்கம்: கூண்டுக்குள் அக்கா ஒரு சிறுத்தையைப் போல

(இல்லை. சளி பிடித்தவள் மாதிரி வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பாள். ஆனால் அவள் கால்முட்டி எப்போது எழும்பியது என்று அடி வாங்கியவர்களுக்கே தெரியாது.)

எதிராளி ஒரு மல்யுத்தக்காரி. பட்டப்பெயர் உடும்பு. காலைப் பிடித்தால் விடமாட்டாள். பயிற்சியில் உடும்பாக நடித்தவர் மாமா; அக்காவின் கணவர், பழைய மல்யுத்தக்காரர். உடும்பின் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஃபிரிட்ஜ் கதவைக்கூட அவளைப் போலக் குனிந்துதான் திறந்தார்.

"வீட்டுக்குள்ளயாவது என் புருஷனா இருய்யா," என்பாள் அக்கா.

3

இந்த இடத்தில்தான் மாமா என்கிற என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காலைப் பிடிக்கப் பாயும்போது உடும்பு தன் தலையை எதிராளியின் வலப்பக்கம் கொண்டுபோவாள். மாமாவோ எப்போதும் இடப்பக்கம். அவர் கழுத்து பழுதானது, மறுபக்கம் வளையாது. அவரோடே பழகியதில், பாய்ந்து வரும் தலையை இடிக்க அக்காவின் இடது முட்டி மட்டும் கூர்மையாகியிருந்தது. உடும்பு வரும்போது அது காற்றில் போகும். ஒற்றைக் காலில் நிற்கிறவளைச் சாய்க்க எவ்வளவு நேரம்? இதிலும் தோற்றால் அமைப்பாளர்கள் அவளை இனிக் கூப்பிட மாட்டார்கள்.

சனிக்கிழமை சண்டை. வியாழன் மதியம் பயிற்சிக்கூடத்தில் சொல்லிவிட்டேன்.

மாமா மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். "நான் நினைச்சே பாக்கல."

"எனக்கு முதல் வாரமே தெரியும்," என்றாள் அக்கா, கையில் துணிப்பட்டையைச் சுற்றியபடியே.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்தப் பக்கம் வருவ. கழுத்து போயிரும். கூண்டுல நான் பாத்துக்கலாம்னு இருந்தேன். இந்த முந்திரிக்கொட்டை கெடுத்துட்டான்."

(முந்திரிக்கொட்டை நான்.)

"வேற யாரையாவது வரச் சொல்லலாமே, மாமா?" என்றேன்.

"உடும்பு மாதிரி நுழைய இங்க எவன் இருக்கான்?" எழுந்து, முட்டியில் மாட்டும் உறையை அக்காவிடம் எறிந்தார். "போடு. வலப்பக்கம் வரேன்."

"வராத."

"நிஜமாத் தூக்கு. பாவ்லா காட்டினா நாளன்னைக்கு நீ கீழ கிடக்கறதைத்தான் நான் பாக்கணும்."

"உனக்குப் பைத்தியமாய்யா?"

"ஆமா. சனிக்கிழமை வரைக்கும்."

4

முடிவு அ: அக்கா முட்டியைத் தூக்கவில்லை. (மாமா அவளை மன்னிக்க மாட்டார்.)

முடிவு ஆ: தூக்கிவிடுகிறாள். அப்புறம் மாமாவின் கழுத்து

(எழுத வரவில்லை.)

இவர்களைப் போல இரண்டு முட்டாள்களை நான் பார்த்ததில்லை. இவ்வளவு மதிப்பும் எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

மாமா குனிந்துவிட்டார். திரும்பவே கூடாத பக்கம் தலை திரும்புகிறது. அக்காவின் வலது முட்டி கிளம்பிவிட்டது. அது எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம்.