ஆவாரைக்கு மூன்று தண்ணீர்

1

ஆவாரைக்குத் தண்ணீர் ஜாஸ்தியானால் வேர் அழுகிவிடும்.

ஒரு கதையை இப்படித் தொடங்கக் கூடாதுதான். முதலில், ‘ஆம்பூரின் மாலை வெயில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கூரைமேல்’ என்று ஆரம்பித்தேன். வெயில் கூரையைவிட்டு இறங்கவே இல்லை. கிழித்துப் போட்டேன். அடுத்த இரண்டு தொடக்கங்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. கதை எப்படிப் போனாலும் ஆவாரை வரி முதல் பக்கத்தில் இருந்தாக வேண்டும். காரணம் கடைசியில் வரும்.

கதை கிடைத்த இடம் என் மாடி ஜன்னல். அங்கேதான் உட்கார்ந்து எழுதுவேன். பக்கத்து வீட்டுத் தோட்டம் அங்கிருந்து முழுசாகத் தெரியும். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

2

பக்கத்து வீட்டில் ராமலிங்கமும் அவர் மனைவி விஜயகுமாரியும் இருக்கிறார்கள். ராமலிங்கம் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். பார்த்துப் பார்த்துக் கட்டிய சொந்த வீடு. வந்ததிலிருந்து விஜி தோட்டம் போடுகிறாள். ரோஜா கருகியது. குரோட்டன்ஸ் கருகியது. செம்பருத்தி நாலு இலை விட்டு ஆசை காட்டிவிட்டுக் கருகியது. போர் தண்ணீர் அவ்வளவு உப்பு.*

செம்பருத்தி போன அன்று விஜி போட்ட சத்தம் என் ஜன்னல் வரை வந்தது.

“செடியே வராத மண்ணுல நாம இன்னாத்துக்கு இருக்கணும்? திருப்பத்தூர்ல எங்க அக்கா வீட்டு மாடி காலியாதான் இருக்கு. போய்ட்லாம்.”

“ஒரே ஒரு வாட்டி பாக்கலாம் விஜி. இந்த ஊரு செடி, இந்த ஊரு தண்ணி. அதுவும் வரலேன்னா நீ சொன்ன மாதிரியே போய்ட்லாம்.”

“பொங்கலுக்கு நம்ம செடிப் பூவதான் வாசல்ல கட்டணும். பூக்கலேன்னா தை மாசமே வீடு மாத்தணும். சம்மதமா?”

அவர் சம்மதித்தார். வேம்பு, புங்கம், பூவரசு என்று யோசித்தார்கள். எதுவும் பொங்கலுக்குள் பூக்காது. கடைசியில் ஆவாரை.** ஜோலார்பேட்டை ரோட்டோரம் யாரும் கேட்காமல் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடியை அவர் நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு குடம் போர் தண்ணீர் ஊற்றுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

* ஏன் உப்பு என்று எங்கள் தெருவில் யாரும் உரக்கக் கேட்பதில்லை. பாதி வீடுகளுக்குச் சோறு தோலில் இருந்துதான் வருகிறது, என் வீடு உட்பட.

 ** ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையைத்தான் உரித்தார்கள். பிறகு அந்த வேலைக்கு குரோம் ரசாயனம் வந்தது. செடி பிழைத்தது. தண்ணீரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

3

விடிகாலையில், ஷிப்டுக்குக் கிளம்பும் முன், ராமலிங்கம் தோட்டத்துக்கு வருகிறார். கையில் சொம்பு. சொம்பில் கேன் தண்ணீர், குடிக்க வாங்குகிற தண்ணீர். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஆவாரைக்கு ஊற்றுகிறார். தினமும்.

இது எனக்குப் புரிந்தது. வீட்டை விட்டுப் போக மனசில்லாத மனுஷன் செய்கிற தில்லுமுல்லு.

மதியம் விஜி வருகிறாள். கையில் ஒரு கிண்ணம் அரிசி களைந்த தண்ணீர், அதுவும் கேன் தண்ணீரில் களைந்தது. தெருப்பக்கம் பார்த்துவிட்டு அதே செடிக்கு ஊற்றுகிறாள். அவளும் தினமும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. போக வேண்டும் என்று நிற்பவள் எதற்காக ஊற்றுகிறாள்? ‘அவள் மனதின் ஆழத்தில்’ என்று எழுதி...

வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

“ஏன் விஜி, திருப்பத்தூர் போறது முடிவாய்டுச்சா?”

“போய்தானே ஆகணும் புஷ்ரா அக்கா? வாய்விட்டு சொல்லிட்டேனே.”

சொல்லிவிட்டாளாம்! கோபத்தில் சொன்ன ஒரு பேச்சுக்காக வீட்டை விடப்போகிறாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. (ஆளுக்கொரு பக்கம் ஒளித்து ஊற்றுவது கதைக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நானே கட்டியது போல. ஆனால் நான் பார்த்தது அதைத்தான்.)

4

செடி மஞ்சளாகிவிட்டது. பூ இல்லை, இலை. அதைப் பார்த்துப் பயந்து அவர் இரண்டு சொம்பாக்கினார். அவள் கிண்ணத்தை விட்டுவிட்டுக் குண்டானுக்கு மாறினாள். இந்தக் கதைக்காக ஆவாரையைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அந்த முதல் வரி எனக்கே தெரிய வந்தது.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

செடி பூக்கிறது. பொங்கலன்று பூவை வாசலில் கட்டுகிறார்கள். (எந்த வேரை வைத்துக்கொண்டு பூக்கும்?)

செடி சாகிறது. தை மாதம் லாரி வருகிறது. இரண்டு பேரும் சாமான் ஏற்றுகிறார்கள், இரண்டு பேருக்கும் போக விருப்பமில்லை.

நான் ஜன்னலில் இருந்து கத்துகிறேன்: “ஊத்தாதீங்க!” யார் ஊற்றுவது என்று இரண்டு பேரும் கேட்பார்கள். அவர் ஏமாற்றுக்காரர் ஆவார். அவளுக்கோ மானம் போய்விடும். செடி மட்டும் ஒருவேளை பிழைக்கும்.

5

இன்று மதியம் விஜி கீழே இருந்து குரல் கொடுத்தாள்.

“அக்கா, ஏதோ கதை எழுதுறீங்களாமே? படிக்க குடுங்க.”

“வா, தர்றேன்.”

குண்டானோடு படியேறி வந்தாள். தோட்டத்துக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள். முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தேன். படியில் நின்றபடியே படித்தாள். முதல் வரிக்குத் திரும்பப் போனாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“அப்போ இத இன்னா பண்றது அக்கா?”

“என் தொட்டியில வெண்டக்கா இருக்கு. அதுல ஊத்து.”

ஊற்றினாள். முகம் சிவந்திருந்தது. நானும் அவளைப் பார்க்காமல் வெண்டைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் காலிக் குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஆனா இது ஒரு குண்டான்தானே? இதுக்கா வேரு அழுகும்? வேற யாராச்சும் ஊத்துறாங்களா அக்கா?”

கேட்டுவிட்டு நிற்கிறாள். பதில் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு இருக்கிறது. அந்தப் பக்கங்கள் என் கையில் இருக்கின்றன, இப்போது உங்கள் கையிலும். நாளை விடிகாலை அவர் சொம்போடு வருவார்.

நீங்களே சொல்லுங்கள், இவளிடம் நீட்டட்டுமா?