நீல எருமைகளின் பதினோரு நிமிடப் பாட்டு

திருவிழா அன்று காலை சந்தைக் கடையில் உட்கார்ந்து மூன்று பேரும் பன்சிட் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்கு 'நீல எருமைகள்' என்று பெயர். சாந்திங் கிடார், அவன் தங்கை லூடிங் டிரம்ஸ், நான் பேஸ் கிடார். சான் எலியாஸ் ஊரில் அறுபத்தெட்டாம் ஆண்டு எங்களையும் சேர்த்து ஆறு குழுக்கள் இருந்தன. மற்ற ஐந்தும் ரேடியோவில் வருவதை அப்படியே வாசிக்கும். சாந்திங் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறிவைத்து, கிடாரை உறுமவிடுவான். கரும்பு வெட்டுகிற ஆட்கள் அதைக் கேட்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

மேயரின் மெய்க்காவலர் தலைவன் பால்டோ வந்து எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தான். ஊரில் எல்லாரும் அவனைக் கேப்டன் என்பார்கள். எந்தப் படையின் கேப்டன் என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்குப் பாட்டுப் போட்டியில ஒரு காதல் பாட்டு வாசிச்சுட்டு எறங்கிடுங்க. மூணு நிமிஷம் போதும். கோப்பை மேயரோட மகன் குழுவுக்கு."

"எங்க பாட்டு பதினோரு நிமிஷம் கேப்டன்," என்றான் சாந்திங், வாயில் நூடுல்ஸோடு.

பால்டோ சிரித்தான். சாந்திங்கின் இடது கையைப் பிடித்து மேசைமேல் விரித்தான். ஏதோ வேடிக்கை காட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன். துப்பாக்கியின் பின்பக்கத்தால் சுண்டுவிரலில் ஓங்கி ஒரு போடு போட்டான். கோழி எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப மூணு நிமிஷத்துக்கே நாக்கு தள்ளும்," என்று சொல்லிவிட்டு, சாந்திங்கின் தட்டில் கிடந்த முட்டைத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான்.

லூடிங் மூங்கில் சிம்பு ஒன்றை வைத்து அந்த விரலைக் கட்டினாள். அவள் அழவில்லை, பற்களை நறநறவென்று கடித்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாம்டா," என்றேன்.

"போறதுன்னா போ. எனக்கு இன்னும் மூணு விரல் இருக்கு," என்றான் சாந்திங்.

நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

பிற்பகல் மூன்று மணிக்கு மாதா கோயில் எதிரே தகரக் கூரை மேடையில் ஏறினோம். காதல் பாட்டு என்று அறிவித்தார்கள். சாந்திங் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் நீளப் பாட்டைத் தொடங்கினான். சுண்டுவிரல் எட்டாத இடங்களில் கம்பியை இழுத்து வளைத்தான். அந்தக் கிடாரிலிருந்து அப்படியொரு ஓலத்தை அதுவரை நான் கேட்டதில்லை. நாலு நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது.

ஏழாவது நிமிடத்தில் பால்டோ மேடையேறிக் கூரையைப் பார்த்து இரண்டு முறை சுட்டான்.

நான் பேஸ் கிடாரைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடைக்கு அடியில் புகுந்தேன். மற்ற இருவரும் நிறுத்தவில்லை. பலகை இடுக்கில் பார்த்தேன். பால்டோ துப்பாக்கியால் சாந்திங்கின் வாயில் அடித்தான். சாந்திங் மண்டியிட்டபடியே வாசித்தான். பிறகு நான்கு ஆட்கள் ரைபிள் கட்டையால் அவன் தலையில் இடிக்கத் தொடங்கினார்கள். கிடார் ஒரு தடவை அலறி அடங்கியது. என் நெற்றியில் சூடாக ஏதோ சொட்டியது.

லூடிங் டிரம்ஸின் சிம்பல் தட்டு மாட்டியிருந்த இரும்புத் தண்டைப் பிடுங்கி இரண்டு கையாலும் வீசினாள். பால்டோ ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். அதைப் பார்த்ததும் கரும்பு வெட்டுகிறவர்கள் மேடைமீது பாய்ந்தார்கள். எவன் எவனை அடிக்கிறான் என்று தெரியாத அந்த ரகளையில் அவள் காலைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"விடுடா! எங்கண்ணன் மேல கெடக்கான்!"

"நீயும் செத்துடுவ. வா!"

என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. கரும்பு லாரியில் கட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்து அவளைக் கடற்படைத் துறைமுக ஊரான ஒலோங்காபோவுக்கு அனுப்பினேன். சாந்திங் மூன்றாம் நாள் கண் திறக்காமலே செத்துப்போனான். மேடையிலிருந்து தவறி விழுந்ததாகப் போலீசார் எழுதி முடித்தார்கள். பால்டோவுக்கு ஒரு கண் போயிற்று. கோப்பை மேயர் வீட்டுக்குப் போயிற்று. லூடிங் பெயரை மாற்றிக்கொண்டு, கடற்படைக்காரர்கள் குடிக்க வரும் கிளப்புகளில் பத்து வருடம் டிரம்ஸ் வாசித்தாள்.

போன வருடம் ஒரு ஜெர்மன்காரர் இசைத்தட்டோடு என்னைத் தேடி வந்தார். திருவிழாக் கூட்டத்தில் நின்ற அமெரிக்க விமானப்படைக்காரன் ஒருவன் எங்கள் பாட்டை டேப்பில் பிடித்திருக்கிறான். அது கைமாறிக் கைமாறி இப்போது தட்டாக வந்திருக்கிறது. 'ஏழாவது நிமிடத்தில் வெடியோசையோடு பேஸ் கிடார் மௌனமாகிறது. மேதையின் துணிச்சல்' என்று உறையில் அச்சடித்திருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த 'ஆள்' பெயர் தெரியவில்லையாம்.

அவரை லூடிங் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உறையில் இருந்ததைப் படித்துக் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மேதையாம்டா நீ! மேடைக்கு அடியில பூந்த மேதை!"

சிரிப்பு அழுகையாக மாறப் பார்த்தது. அடக்கிக்கொண்டு ஜெர்மன்காரரிடம் திரும்பினாள்.

"எழுதிக்க தம்பி. டிரம்ஸ், லுடிவினா. என் சொந்தப் பேரு, லூடிங்குங்கிறது செல்லப் பேரு. கிடார் எங்கண்ணன், ஒம்பது விரல். இவன் பயந்து ஓடிட்டான், அதையும் எழுது. ஓடுனவன்தான் என்னை இழுத்துட்டு ஓடுனான், அதையும் சேர்த்து எழுது."

அவர் எழுதிக்கொண்டார். அவள் கேட்டபடி தட்டை முதலிலிருந்து போட்டார். நாங்கள் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் மேடைக்கு அடியிலிருந்து மட்டுமே கேட்டுவந்த அந்தக் கடைசி நாற்பது விநாடியை அன்றுதான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். சாந்திங் ஒரு சுரம்கூடத் தப்பாக வாசிக்கவில்லை.