தைக்கிற கோடு

பல நாட்டுப் பெண்கள் சேர்ந்த ஒட்டுப்போர்வைக் குழு அது. ஆளுக்கு ஒன்பது சதுரங்கள் தைத்து, குழுவை நடத்துபவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அவற்றைக் கலந்து, ஒவ்வொருவருக்கும் ஒன்பது வேறு வீட்டுச் சதுரங்களை அனுப்பிவைப்பார். நிபந்தனை இரண்டுதான். வீட்டில் யாராவது உடுத்திய துணியாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அளவு குறைந்தால் திரும்பி வந்துவிடும்.

குழுவில் சேர்ந்து ஒரு வருடமாகியும் நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இந்த முறைதான் துணிந்து பெயர் கொடுத்திருந்தேன்.

யாரும் கேட்காமலே, ஒவ்வொரு சதுரத்திலும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே பென்சிலால் கோடு போட்டேன். இணைப்பவர் அதன்மேல் தைத்தால் போதும்.

அண்ணி மருந்துக் கிடங்கில் பார்சல் கட்டுகிறவர். நீ கட்டினால் பாதி வழியிலேயே பிரிந்துவிடும் என்று சொல்லி, வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். நான் குளித்துவிட்டு வந்தபோது பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் மெல்லிய துணிக் கீற்றுகள் ஒரு குவியல்.

"தபால் வரம்புக்கு மேல எடை கொஞ்சம் கூடிடுச்சு விஞ்ஞானி. நீ போட்ட கோட்டுலயே வெட்டிட்டேன். ஒரு நூல் பிசகல, பாரு."

உண்மைதான். பிசகவே இல்லை.

"அண்ணி, அது தைக்கிற கோடு."

"எங்க கிடங்குல கோடுன்னா வெட்டுறதுக்குத்தான்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

அன்று மாலைக்குள் அஞ்சலில் சேர்க்காவிட்டால் தேதி தவறிவிடும். தப்பு தன்னுடையது என்று குழுவுக்குத் தானே எழுதுவதாக அண்ணி சொன்னார். வேண்டாம் என்றேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் எனக்குச் சுலபம். யாரும் தேடவும் மாட்டார்கள். அதுதான் உறுத்தியது.

கதவுக்குப் பின்னால், கல்லூரி ஆய்வகத்தில் நான் அணிந்த வெள்ளைக் கோட்டு தொங்கியது. ஒவ்வொரு நேர்காணலுக்கு முன்பும் அதை இஸ்திரி போட்டு வைப்பேன். அணிந்து வரும்படி இதுவரை யாரும் சொன்னதில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"இதையா? வேலை கிடைச்சா வேணுமே."

"கிடைச்சா புதுசு தருவாங்க அண்ணி."

சதுரங்களின் நான்கு பக்கமும் அதிலிருந்து வெள்ளைக் கரை வைத்தால் பழைய அளவு வந்துவிடும். நான் கோடு போட்டேன், அண்ணி வெட்டினார். ஒவ்வொரு கோட்டுக்கும் கத்தரிக்கோலை நிறுத்தி, இது வெட்டுறதா தைக்கிறதா என்று கேட்டார். முதலில் பயந்து கேட்டார், பிறகு என்னைச் சீண்டுவதற்காகவே கேட்டார். இடையில் அண்ணன் வந்து டீ கிடைக்குமா என்றான். அடுப்பு இடம் மாறவில்லை என்று அண்ணி நிமிராமலே சொன்னார்.

ஒரு கீற்றில் பழுப்புக் கறை வந்தது. அதைத் தள்ளிவிட்டால் துணி போதாது. வைத்தே தைத்தேன்.

தைத்து முடித்து நிறுத்துப் பார்த்தால் எடை முன்பைவிடக் கூடுதல். அண்ணி சற்று யோசித்தார். அட்டைப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சதுரங்களைத் தட்டையாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார். எடை தாராளமாகக் குறைந்தது.

இருவரும் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தோம்.

"இதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத," என்றார். "ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

அஞ்சலகத்தில் கதவைச் சாத்தப் போகும் நேரம். ஊழியர் உறையைத் தராசில் வைத்தார், முத்திரை குத்தினார், பின்னாலிருந்த கூடையில் போட்டார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் குழுவில் முதன்முறையாக எழுதினேன். "அனுப்பிவிட்டேன். ஒரு சதுரத்தின் கரையில் பழுப்புக் கறை இருக்கும். அது ஆய்வகத்தில் பட்ட சில்வர் நைட்ரேட். துவைத்தாலும் போகாது. மற்ற துணியில் ஒட்டாது."