சித்தி பார்க்காத தையல்

1

"எப்படிடி இருக்கு?" என்று சித்தி கேட்டாள்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. அன்றைக்கே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் கதையே தேவைப்பட்டிருக்காது.

புற்றுநோய் வந்த சித்தியின் இடது மார்பை எடுத்த நான்காம் நாள், ஆஸ்பத்திரியில் முதன்முறையாகக் கட்டுப் பிரித்தார்கள். எல்லோரும் பார்த்தோம், சித்தியைத் தவிர. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு என்னைக் கேட்டாள். துணைக்கு நான்தான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் சும்மாதானே இருக்கிறாள் என்று வீட்டில் ஒருமனதாக முடிவெடுத்திருந்தார்கள். (சும்மா இருப்பவள் கதை எழுதி எட்டு நோட்டு நிரப்பியது யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.)

நான் சொன்னது: "நல்லா இருக்கு சித்தி."

"நான் தைச்ச ஜாக்கெட்டைக் காட்டினாலும் இதையேதான் சொல்லுவே."

சித்தி தையல்காரி. ஜாக்கெட்டில் கை இணையும் கைக்குழியில் ஒரு சுருக்கம் விழுந்தால் முழுக் கையையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவள்.

2

ஆகவே நோட்டில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பூ உதிர்ந்த காம்பைப் போல... (வேண்டாம். சித்தி செடி இல்லை.)

தேய்ந்து மறைந்த நிலவைப் போல... (நிலவு திரும்ப வளரும்.)

போர்க்களத்திலிருந்து மீண்ட வீராங்கனையின்... (இந்த வீராங்கனை நேற்று ஊசிக்குப் பயந்து கழிப்பறையில் பத்து நிமிடம் ஒளிந்திருந்தாள்.)

கட்டுப் பிரித்த நர்ஸ் சிஸ்டருக்கு உவமை எதுவும் தேவைப்படவில்லை. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, தையல் காய்ந்து வருகிறது என்றார். காயத்திலிருந்து நீர் வடியும் குழாயின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்து எழுதிக்கொண்டார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை மேசை டிராயரில் வைத்தார்.

"தோணுறப்போ பாருங்க, அவசரமில்ல. ஆனா வீட்டுக்குப் போனப்புறம் சிவந்திருக்கா, வீங்கியிருக்கான்னு தினமும் பார்த்தாகணும். சீழ் வச்சா திரும்ப இங்கதான் வரணும்."

"அதுக்குத்தான் இவ இருக்காளே," என்றாள் சித்தி.

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இவ நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா."

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: கதைக்காக சிஸ்டரைக் கனிவானவராக மாற்றப் பார்த்தேன், வரவில்லை. கட்டுத்துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டபோது, இழுக்காமல், உப்புநீர் விட்டு அது ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

3

முடிவு ஒன்று. சித்தி கண்ணாடியில் பார்க்கிறாள். ஒரு துளிக் கண்ணீர்... (சித்தி அழுதால் ஒரு துளியோடு நிற்காது. வார்டே எழுந்து வரும்.)

முடிவு இரண்டு. பார்த்துவிட்டுப் புன்னகைக்கிறாள். (எதற்கு?)

முடிவு மூன்று. அவள் பார்க்கவே இல்லை. வீட்டில் தினமும் நான் பார்த்து "நல்லா இருக்கு" என்கிறேன். நல்லா இல்லாத அன்றைக்கும்...

இங்கே கை நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதினேன்:

அக்குளில் தொடங்கி நடு நெஞ்சுவரை சாய்ந்து வரும் ஒரு கோடு. ஒரு சாண் நீளம். அந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது. கோட்டின் நடுவே ஓரிடத்தில் தோல் சுருக்கம் விழுந்திருக்கிறது.

4

வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தபோது தலையணை உறைக்குள் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டு இல்லை. சித்தியின் மடியில் இருந்தது. நிலவு, வீராங்கனை, கழிப்பறை எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். விரல் கடைசி வரியில் நின்றது.

"சுருக்கமா?"

தலையாட்டினேன்.

"எந்த இடத்துல?"

நான் வாய் திறந்தேன். "நல்லா" என்பதுதான் முதலில் வந்தது, விழுங்கிக்கொண்டேன். "நடுவுல, சித்தி. ஒரு விரல் அகலம் இருக்கும். நீங்களே பார்த்தாதான் தெரியும்."

என் வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன மிக நீளமான பதில் அது. அதற்கு என்ன மறுமொழி வந்தது என்று எழுத ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தேன். அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவள் நான், உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது.

சித்தி நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள். டிராயரைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். குழாயின் பாட்டில் தொங்கிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எழுந்து குளியலறைக்குள் போனாள்.