பத்மினி வந்த நாள்

நான் மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் தர்மபுரியில் எங்கள் புளி மண்டிக்கு டிரங்க்கால் வந்தது. மெட்ராஸ் போயிருந்த முதலாளி அப்துல் ரஷீத் பாய் இரைச்சலுக்கு நடுவே கத்தினார்.

"குப்புராஜு, பத்மினி கெடச்சாச்சு. நாளைக்கு சாயங்காலம் வந்துடுவோம். பெரிய மாலையா ஒண்ணு வாங்கி வெக்கச் சொல்லு வூட்ல."

யார் பத்மினி என்று கேட்டிருக்கலாம். தாமதமானால் வகுப்பில் மெஷின் கைமாறிவிடும் என்ற அவசரம். அது மட்டுமல்ல. பாய் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார், அவர்களில் அது உண்டுதானே என்று மனம் தானாகவே முடித்துவிட்டது. ஒரு சொல் விடாமல் அவர் மனைவி ஜான் பீ அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"எந்த ஊராம் அவ?"

"மெட்ராஸா இருக்கும்ங்க."

மறுநாள் காலை அவர் பஸ் ஏறிக் காரிமங்கலத்துக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் பூட்டிய வீட்டின் முன் புது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பாய் மட்டும் இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பியட் காருன்னு பதிஞ்சேன். வருஷக்கணக்கா காத்திருந்ததுல அது பேரு பிரசிடெண்ட் ஆச்சு, இப்ப பத்மினிங்கறாங்க. அதே வண்டிதான். ஏறு."

காரிமங்கலத்தில் தாய் வீட்டு முன் வண்டி நின்றது. ஜான் பீ அம்மா வாசலுக்கு வந்து பின் சீட்டுவரை எட்டிப் பார்த்தார்.

"எங்க அவ?"

"இந்த வண்டிக்குத்தாங்க அந்தப் பேரு," என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரித்தார். "வேற பேரே கெடைக்கலியா அவனுங்களுக்கு? அடுத்த வண்டிக்கு ஜான் பீன்னு வெக்கச் சொல்லுங்க."

பாய் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "பக்கத்து மண்டி தீர்த்தகிரி இப்படிப் பேசியிருந்தா, யாருங்க அதுன்னு கேட்டிருப்பியா மாட்டியா?"

"கேட்டிருப்பேங்க."

"வுடுங்க," என்றார் ஜான் பீ அம்மா. "நானுந்தானே நம்பினேன்."

அதைக் கேட்டதும் பாயின் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. கட்டிய மனைவியே அவரைச் சந்தேகிக்கும் இடம்வரை நான் சொன்ன சேதி போய்விட்டது.

ஜான் பீ அம்மா முன் சீட்டில் ஏறியதும், நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். பாய் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிற்க வைக்க மனமில்லாமல்தான் ஏறினேன். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தர்மபுரி வரை சாயாமல் உட்கார்ந்து வந்தேன்.