ஜன்னல் சட்டத்தில் ஒரு முகம்

மழை பெய்தால் எங்கள் சமையலறை ஜன்னல் அழும். சட்டத்தின் அடிப்பக்கம் உளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்து அதைப் பெயர்த்துவிட்டுப் புதுச் சட்டம் வைப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவள் என் மனைவி. அதற்கு முந்தைய புதன்கிழமைதான் நான் அந்தத் தேனீயைப் பார்த்தேன்.

சட்டத்தில் பழைய திருகாணி கழன்று விழுந்த துளை. ஒரு பென்சில் நுழையும் அகலம். கருந்தேனீ ஒன்று, வட்டமான பச்சை இலைத்துண்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனது. ரோஜாச் செடியின் இலைகளை யாரோ கத்தரிக்கோலால் நறுக்குவதாக மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தேகப் பட்டியலில் நானும் இருந்தேன். இலைவெட்டித் தேனீ என்று பிறகு தெரிந்துகொண்டேன். இலையைச் சுருட்டி அறை அறையாகக் கட்டி, அறைக்கு ஒரு முட்டை வைக்குமாம்.

"தச்சரைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றேன்.

"எதுக்கு?"

"உள்ள ஒரு குடும்பம் இருக்கு."

"வெளியிலயும் ஒண்ணு இருக்கு. நேத்து அதுதான் தரையத் தொடச்சுது." அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "எனக்குத் தெரியறது ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ள இருக்கிறவங்க முகத்தக் காட்டுங்க. முகத்தப் பாத்துட்டா, காலி பண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

வீட்டு விசேஷங்களுக்கென்று ஒரு கேமரா வைத்திருந்தேன். அது ஒரு சாண் தூரத்துக்குள் எதையும் பார்க்க மறுத்தது. அன்று மாலையே மைத்துனன் தன்னிடமிருந்த ஒரு கேமரா வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"என்னடா, நடுவுல கண்ணாடியையே காணோம்?"

"கண்ணாடி இருக்காது அத்தான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல இத மாட்டுங்க. மூக்குக்குக் கிட்ட இருக்கறது கூடத் தெரியும்."

"வெறும் ஓட்டைடா இது."

"ஓட்டையப் படம் எடுக்க ஓட்டை. பத்துப் பொருத்தமும் இருக்கு, மாட்டுங்க."

குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எழுதி வைக்காத காரியம் எனக்கு நடந்த காரியம் ஆகாது. ஒரு நோட்டில் நாள், நேரம், பிழை என்று மூன்று கட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை, பிழை: என் தலையின் நிழல். அதே நாள், பிழை: கேமரா தானாகக் குறி தேடி, முன்னும் பின்னும் உறுமி, தேனீயை விட்டுச் சட்டத்து மரத்தைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு லென்ஸின் ஃபோகஸ் பட்டையைக் கையால் திருகினேன். ஒரு மயிரிழை கூடினாலும் தேனீ பஞ்சாகிவிடும். அறுபத்து மூன்று படங்கள். பிழை: மீசை தெளிவு, முகம் இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. காலைக் குளிரில் அது வாசலில் முகம் வைத்து அசையாமல் இருக்கும். வெயில் ஏறினால் பறந்துவிடும். ஆக, சனிக்கிழமை காலையில் எனக்குக் கால் மணி நேரம்.

அந்தக் கால் மணியில் பாதி திருகலிலேயே போயிற்று. மருத்துவமனைச் சீருடையோடு மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அத ஏன் திருகிக்கிட்டே இருக்கீங்க?"

"ஃபோகஸ் பண்றேன்."

"அத ஒரு எடத்துல விட்டுட்டு நீங்க முன்ன பின்ன போங்க."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி..."

"பதினொரு வருஷமா கடவாய்ப் பல்ல வேற எப்படிப் படம் எடுக்கறேன்னு நெனச்சீங்க?"

அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். பஞ்சு எடுத்துக் கொடுப்பாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். 'இன்னிக்கு முப்பது போட்டோ' என்று அவள் சொல்வதுண்டு. எக்ஸ்ரே என்று எடுத்துக்கொண்டேன். புகார் கொடுத்தவர்களிடம் விவரம் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிறவன், இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கேமராவை வாங்கிக்கொண்டாள். மடித்த துண்டின் மேல் முழங்கையை ஊன்றினாள்.

"நோட்டுல ஒரு தாள் கிழிச்சு இந்தப் பக்கம் பிடிங்க. வெளிச்சம் அதுல பட்டு உள்ள போகட்டும். வாய்க்குள்ள நாங்க கண்ணாடி வெப்போம்."

நான் நோட்டில் தாள் கிழிப்பவன் அல்ல. கிழித்தேன்.

"மூச்ச விடு" என்றாள். விட்டேன். "உங்கள இல்லங்க, எனக்கே சொல்லிக்கிட்டேன். விட்டு முடிச்ச எடத்துலதான் கை ஆடாது."

அவள் தலை ஒரு நெல்மணி அளவு முன்னால் போனது. பிறகு தேனீயிடம் பேசினாள். "அவ்வளவுதான்மா. ஆடாம இருங்க. வாயெல்லாம் தொறக்க வேண்டாம். இதோ, ஆச்சு." வலியோடு வந்த அந்நியர்கள் பதினொரு வருடமாகக் கேட்ட குரல். வீட்டுக்கு அது வந்ததில்லை.

ஐந்து முறை சொடுக்கினாள். வெயில் சட்டத்தைத் தொட்டது, தேனீ போய்விட்டது.

கேமராவின் சின்னத் திரையில் இருவரும் குனிந்தோம். புளியங்கொட்டை போல இரண்டு கண்கள். முகமெல்லாம் வெள்ளைப் பூனைமுடி, நெற்றியில் மஞ்சள் பூந்தாது. மனைவி படத்தைப் பெரிதாக்கினாள்.

"ஏங்க, இதுக்குப் பல்லு இருக்கு."

"பல்லா?"

"இந்தத் தாடையில பாருங்க, நாலு. மொனையெல்லாம் தேஞ்சு போச்சு. பாவம், எல வெட்டி வெட்டியே..."

வேலைக்குக் கிளம்பும் முன் தச்சரைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வேண்டாம்ங்க. அந்தச் சட்டத்துல ஆள் குடியிருக்காங்க... இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன். பிள்ளைங்கல்லாம் வெளிய வந்த பிறகு நானே கூப்பிடறேன்."

அவள் போன பிறகு நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமைக்கான பிழைக் கட்டத்தில் அவள் கையெழுத்து: 'கணவர் வெளிச்சத்தை மறைத்து நின்றார். பிறகு சரிசெய்யப்பட்டது.'

மாலையில் நல்ல மழை. ஜன்னல் வழக்கம்போல அழுதது. அவள் உள்ளே நுழைந்தபோது நான் தரையில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு என்னென்ன படம் எடுத்த?" என்று கேட்டேன்.

நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு தோள் பையைக்கூட இறக்காமல், ஒரு கீழ்க் கடவாய்ப் பல்லில் இருந்து ஆரம்பித்தாள்.