தார்ப்பாய்க்கு அடியில்

எல்லாக் கம்பங்களின் கோடும் திரையில் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வாய்க்கால் கம்பத்தின் கோடு மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மண்ணின் ஈரத்தை அளக்க வாய்க்காலுக்கு ஒரு கம்பம். அவற்றைப் பராமரிப்பது அவள் வேலை. கடைசிக் கம்பம் நிற்பது தம்பியின் நிலத்தில். அங்கே ஈரம் இருக்க வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். அணையில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஒரே ஒரு வாய்க்காலுக்குத்தான் காணும். எங்கே மண் அதிகம் காய்ந்திருக்கிறதோ, அங்கே திறப்பார்கள். நாளைக் காலை முடிவு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வரப்பில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கம்பத்தைச் சுற்றி, ஒரு கல்யாணப் பந்தல் போடும் அளவுக்கு, நீலத் தார்ப்பாய்கள் விரித்துக் கிடந்தன. அதற்கு அப்பால் மக்காச்சோளம் இலை சுருட்டி நின்றது. கதிர் பால் பிடிக்கும் நேரம்.

தம்பி கொட்டகையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். மூன்று வீட்டில் கெஞ்சி வாங்கிய பாய்களாம். போன முறை தண்ணீர் பாய்ச்சிய கையோடு விரித்துவிட்டானாம். பனி இறங்கி மண் நனைந்தால் கணக்குக் கெட்டுவிடுமே என்று, பொட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டானாம்.

"நீதானக்கா சொன்ன, மண்ணு காஞ்சாதான் தண்ணின்னு."

அவள் குனிந்து ஒரு ஓரத்தைத் தூக்கினாள். பாயின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மண் கறுப்பாக விரலில் ஒட்டியது.

"மேல இருந்து ஈரம் வராம தடுத்தடா. உள்ள இருந்தது எப்படிப் போகும்?"

"பாய் மூடியிருக்கே. கம்பத்துக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். போனில் வழிகாட்டும் செயற்கைக்கோளின் சிக்னல் மண்ணில் பட்டு எகிறிக் கம்பத்துக்கு வருகிறது. ஈர மண் அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும், காய்ந்த மண் பாதியை விழுங்கிவிடும். அந்த வித்தியாசம்தான் அளவு. பிளாஸ்டிக் அதன் கண்ணில் படவே படாது.

தம்பி ஓடிப்போய்ப் பாய்களை இழுத்துப்போட்டான். இந்த மண் காய ஒரு வாரமாவது வெயில் வேண்டும்.

தம்பி மனைவி அதுவரை தள்ளி நின்றவள், கிட்டே வந்தாள். "அண்ணி, நீங்களே ஒரு எண்ணைப் போட்டு அனுப்பக் கூடாதா? பொய் சொல்லச் சொல்லல. காஞ்சதக் காஞ்சதுன்னுதானே."

சுருக்கென்றது. தம்பி மனைவி சொன்னது நிஜம். போடக் கூடாத எண்தான் உண்மையான எண்.

கையில் பிடித்து அளக்கும் கருவியை அக்கா பையிலிருந்து எடுத்தாள். சோளத்துக்கு நடுவே நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தாள். பல இடங்களில் முனையே இறங்கவில்லை. தண்ணீர் திறப்பதை முடிவு செய்யும் பொறியாளரைப் போனில் கூப்பிட்டு, தார்ப்பாய் உட்பட எதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

"பக்கத்து வாய்க்காலும் காஞ்சுதான்மா கெடக்கு. தம்பி நிலத்த அக்கா கையால அளந்தாங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்லவா?"

பாய் போட்டு மூடிய மண்ணின் அளவைச் சேர்க்க முடியாது, அளவு பதிவாகாத வாய்க்கால் கணக்கிலேயே வராது என்றார். பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததும் தம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினான். பச்சை இருக்கும்போதே அறுத்தால் மாடாவது தின்னும். ரெண்டு நாள் பொறுக்கலாமே என்றாள் மனைவி. அவன் காதில் வாங்கவில்லை. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு, அறுத்துப் போட்டதை அள்ளிக் கட்டத் தொடங்கினாள்.

ஒரு பாத்தி முடிந்ததும் அவன் நிமிர்ந்தான்.

"பாய் குடுத்த மூணு வீட்டுக்கும் இதே வாய்க்கால்தான்க்கா. என்னால அவங்களுக்கும் தண்ணி கெடையாது."

"நானும் வர்றேன். எடுத்துச் சொல்றேன்."

"வேணாம். நீ வந்தா மரியாதைக்கு வாய மூடிக்குவாங்க. என்னையத் திட்ட முடியாது."

அரிவாளை மனைவியிடம் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறி நடந்தான்.